சென்னைக்கும் எங்களுக்கும் ஒரே எண்

"உங்க பக்கம்தான் பிரச்சினை" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். கேஸ் ஏஜென்சிக்காரர் சொன்னாலும் சரி, வங்கிக்காரர் சொன்னாலும் சரி. என் பக்கத்தை வந்து பார்த்தீர்களா, உங்கள் பக்கத்தையாவது ஒரு தடவை எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். டீச்சருக்கு நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எனக்கு வேலை. கீழே வற்றல் மிளகாய் மூட்டை, மேலே கம்ப்யூட்டர். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, எங்கள் பெண்பிள்ளைகள் ஹெட்போனில் கேட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். ஊரில் பாதிப் பேர் அதை நர்ஸ் வேலை என்று நினைத்தார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் தினமும் வந்துபோன என்னிடம் பல்வலிக்கு என்ன மாத்திரை என்று கேட்டவர்கள் உண்டு. நான் பார்த்ததோ சிஸ்டம் வேலை. கணினிகள், அவற்றை இணைக்கும் வயர்கள், பிரிண்டர், சென்னைக்குப் போகும் லைன், இவை ஒழுங்காக ஓடவேண்டியது என் பொறுப்பு.

முதலாளி அந்த மளிகைக் கடைக்காரர்தான். எல்லோருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலி டவுனில் ஒரு பெரிய கடை, பாளையங்கோட்டையில் ஒன்று, அம்பாசமுத்திரத்தில் ஒன்று வைத்திருந்தார். சென்னைக் கம்பெனி ஒன்று தன் வேலையைப் பிரித்துக்கொடுக்க வெளியூரில் ஆள் தேடியபோது, மாடி சும்மாதானே கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கிளை நடத்துவதைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தார். அவருடைய மூன்று கடைகளிலும் அடுக்கு ஒரே மாதிரி இருக்கும். கல்லாவுக்கு இடப்பக்கம் பருப்பு, வலப்பக்கம் எண்ணெய், மேல்தட்டின் அதே மூலையில் பெருங்காயம். அம்பாசமுத்திரத்து ஆள் லீவு போட்டால் டவுன் ஆள் போய் நிற்பார். கையை நீட்டினால் சாமான் கையில் வரவேண்டும், தேடக் கூடாது.

மாடியில் கணினிகளைப் பொருத்த மதுரையிலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்தபோதும் அண்ணாச்சி இதைத்தான் சொன்னாராம். மெட்ராஸ் ஆபீசில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கேயும் இருக்க வேண்டும். அதே கம்பெனி கணினி, அதே மாடல் பிரிண்டர், கணினிகளுக்கு அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே எண். காண்டிராக்டரும் வாயைத் திறக்காமல் அப்படியே செய்துவிட்டுப் போய்விட்டார். தலைமை ஆபீசும் சந்தோஷப்பட்டதாம், கிளை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று. இதெல்லாம் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது.

இனி டீச்சர். பெரிய மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். தொண்டையில் ஏதோ கோளாறு வந்து, சத்தமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வேலையை விட்டுவிட்டு எங்கள் மாடிக்கு வந்தார். பிள்ளைகள் தட்டச்சு செய்த ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் மறுபடி முதலிலிருந்து காதால் கேட்டு, தப்பைத் திருத்தி, 'முடிந்தவை' என்ற பெட்டியில் சேமிப்பது அவர் வேலை. பெட்டி என்றால், எங்கள் ஆபீசின் பெரிய கணினிக்குள் எல்லோரும் எடுக்கவும் வைக்கவும் வசதியாகத் திறந்து வைத்திருந்த ஒரு ஃபோல்டர். பிள்ளைகள் அடித்ததும் முதலில் அங்கேதான் இருக்கும், காலையில் லைன் போடும் முன்னே டீச்சர் அவற்றைத் தன் கணினிக்கு எடுத்துக்கொண்டு, திருத்தத் திருத்த அதே பெயரில் திரும்ப வைப்பார். டீச்சர் மெதுவாகப் பேசுவார், அதனால் அவர் பேசும்போது எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒரு மருந்தின் பெயர் சரியாகக் காதில் விழவில்லை என்றால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பார். அப்படியும் விளங்கவில்லை என்றால் ஊகித்து எழுதமாட்டார், கோடு போட்டு விட்டுவிடுவார். தெரியாததைத் தெரிந்தமாதிரி எழுதினால் அது பொய் என்பார்.

அந்த டீச்சரைத்தான் பொய்க்காரி என்றார்கள்.

டாக்டர்களின் பதிவுகள் சென்னையிலிருந்து எங்களுக்கு வர ஒரே ஒரு டெலிபோன் லைன். முதலில் இண்டர்நெட்டுக்குப் போன் போட வேண்டும், மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி ஓயும், பிறகு அதற்குள்ளே வி.பி.என். என்று ஒன்றைப் போட வேண்டும். ஊரார் எல்லோரும் போகும் ரோட்டுக்கு அடியில் நமக்கு மட்டும் ஒரு சுரங்கம் வெட்டியதுபோல, நோயாளிகளின் சங்கதி வெளியே கசியாமல் சென்னை ஆபீசும் நாங்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். லைன் ஆமை வேகம். ஒரு நாள் வேலைக்கான பதிவுகள் வந்து இறங்க அரைநாள் ஆகும். மோடம் வைத்திருந்த கணினி டீச்சர் மேஜையில் இருந்தது. பதிவுகள் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்க, அதே கணினியில் டீச்சர் மறுபக்கம் திருத்திக்கொண்டிருப்பார். வி.பி.என். புதிதாக வந்த காலத்தில் இது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அது வந்த ஒன்றிரண்டு வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. டீச்சர் பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டரில் தாள் வராது. "ஏம்மா, நான் குடுத்தது எங்க?" என்று கேட்பார். நான் போய்ப் பார்த்தால் பிரிண்டர் பச்சை விளக்கோடு சும்மா இருக்கும். பக்கத்துக் கணினியிலிருந்து கொடுத்தால் டக்கென்று வரும். அதைவிடப் பெரிய தொல்லை, டீச்சர் திருத்திச் சேமித்த ரிப்போர்ட்டைச் சாயங்காலம் திறந்தால் பிள்ளைகள் தட்டச்சு செய்த தப்பு அப்படியே இருக்கும். எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். லைன் இல்லாத நேரத்தில் திருத்தியது பத்திரமாக இருந்தது, லைன் போட்டிருந்த நேரத்தில் திருத்தியது காணாமல் போனது. இதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சர் செய்த வேலையில் பாதி ஆவியாகப் போகிறது என்பதுதான்.

சாயங்காலம் 'முடிந்தவை' பெட்டியில் இருப்பதை மொத்தமாக எடுத்து நாங்கள் சென்னைக்கு அனுப்புவோம். அப்படிப் போனவற்றில் ஒரு ரிப்போர்ட், முழங்காலில் ஆபரேஷன் செய்யவேண்டிய ஒரு பெரியவருடையது. டாக்டர் இடது முழங்கால் என்று சொல்லியிருந்தார். எங்கள் பிள்ளை ஒருத்தி வலது என்று அடித்துவிட்டாள். டீச்சர் அதைப் பிடித்துத் திருத்தினார், நான் பக்கத்தில் இருந்தேன், "நல்லவேளை, இல்லன்னா அந்த மனுசன் நல்ல காலையும் குடுத்துருப்பார்" என்று சிரித்தார். சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது வலது முழங்கால்தான்.

மறுநாள் சென்னை மேலாளர் போன் செய்தார். அண்ணாச்சி மாடிக்கு வந்து ரிசீவரை எடுத்தார். அவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் பேசுவார். மாடி முழுக்கக் கேட்டது.

"இடது காலா வலது காலான்னுகூடப் பார்க்காத ஆள் என்ன செக்கர் சார்? ஒரு ரிப்போர்ட் இல்ல, நிறைய. ஒண்ணுமே திறந்து பார்க்காம செக் பண்ணிட்டேன்னு கையெழுத்துப் போடறாங்க. இது கேர்லெஸ் இல்ல, சீட்டிங். பொய் சொல்றவங்களை வெச்சுக்கிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. இந்த வாரத்துக்குள்ள அவங்களை மாத்துங்க. இல்லன்னா உங்களுக்கு வேலை அனுப்பறதை நிறுத்திடுவோம்."

அண்ணாச்சி, "இல்லங்க, அவுக அப்படி ஆள் இல்ல, டீச்சராக்கும்" என்றார். அந்தப் பக்கம் காதில் வாங்காமல் போனை வைத்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் பள்ளிக்கூடத்துல எத்தனையோ பேர்ட்ட பேச்சு வாங்கியிருக்கேன் அண்ணாச்சி. கோவக்காரின்னு சொல்லியிருக்காங்க. மார்க்கு போடத் தெரியாதவன்னு சொல்லியிருக்காங்க. பொய் சொல்லுதான்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இந்தப் பிள்ளைங்க முன்னால சொல்லிட்டார்."

"டீச்சர், ரெண்டு நாள் வீட்ல இருங்க. நான் பேசிப் பாக்கேன்" என்றார் அண்ணாச்சி.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ரெண்டு நாள் வீட்டில் இருங்கள் என்றாலே ஊரில் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் டீச்சர் வீட்டுத் தெருவிலிருந்தே எங்களிடம் இரண்டு பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

சென்னை ஆபீசில் சிஸ்டம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். பெரிய படிப்பு படித்தவர் என்று கேள்வி. அவருக்குப் போன் செய்து, லைன் போட்டால் எங்கள் பெட்டியிலும் பிரிண்டரிலும் கோளாறு வருகிறது என்றேன். "வி.பி.என். எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது. லோக்கல் நெட்வொர்க் உங்க பிரச்சினை" என்றார். கணினியை அணைத்துப் போடச் சொன்னார், போட்டேன். வயரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றச் சொன்னார், ஒரு பகல் போனது. கடைசியில் கீழே மளிகைக் கடையாமே, மிளகாய்த் தூள் உள்ளே போயிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும் என்றார். மிளகாய்த் தூள் டீச்சர் திருத்தியதை மட்டும் தேடிப் போய்த் தின்னுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

நான் படித்தது ஒரு சாதாரண டிப்ளமா. ஆனாலும் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். வி.பி.என். அமைப்புக்குள் ஒரு சின்னக் கட்டம் உண்டு, எல்லாப் போக்குவரத்தும் தூரத்து ஆபீசின் வாசல் வழியாகத்தான் போகவேண்டும் என்று சொல்லும் கட்டம். அதில் டிக் இருந்தால், பக்கத்து மேஜைக்குப் போகவேண்டியதும் சில நேரம் சுரங்கத்துக்குள் போய்விடும் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். இதுதான் என்று குதித்தேன். டிக்கை எடுத்தேன், லைன் போட்டேன், பிரிண்ட் கொடுத்தேன். தாள் வரவில்லை. அந்த நிமிடம் புத்தகத்தைத் தூக்கி மிளகாய் மூட்டை மேல் எறியலாம் போல இருந்தது.

எங்கள் பெரிய கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால், இருக்கிறேன் என்று பதில் வரும். லைன் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். பதில் வந்தது. சென்னைக்காரரிடம் சொன்னேன். "பதில் வருதில்ல? அப்புறம் என்ன, நெட்வொர்க் நல்லா இருக்கு. ஆள்தான் சரியில்ல" என்றார். பதில் வந்ததை நான் பார்த்தேன், அவர் போனில் கேட்டார். யார் பதில் சொன்னது என்று இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எண் ஒன்று, அந்த எண்ணுக்குரிய கணினி என் கண் முன்னால் இருக்கிறது, வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

அதைச் சொல்லிக்கொடுத்தது கரண்ட். வாரத்தின் நடுவில் ஒரு நாள் மத்தியானம் போனது. மணிமுத்தாறு பக்கம் காற்றும் மழையும் என்றார்கள், எங்கோ கம்பம் சாய்ந்துவிட்டது, சீக்கிரம் வருகிற மாதிரி இல்லை. பேட்டரி இரண்டுதான் வைத்திருந்தோம். ஒன்று பெரிய கணினிக்கு, ஒன்று டீச்சர் மேஜைக் கணினிக்கும் மோடத்துக்கும். பெரிய கணினியின் பேட்டரி பழசு, கொஞ்ச நேரம் கீய் கீய் என்று கத்திவிட்டு அடங்கியது. கணினியும் அணைந்தது. விசிறியின் சத்தம்கூட நின்றுபோனது. பிள்ளைகள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து முறுக்கு தின்ன ஆரம்பித்தார்கள். டீச்சரின் கணினியில் மட்டும் பதிவுகள் இறங்கிக்கொண்டிருந்தன.

நான் சும்மா இருக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்து பழக்கத்தில் 'முடிந்தவை' பெட்டியைச் சொடுக்கினேன். பெட்டி திறந்தது.

அந்தப் பெட்டி இருக்கும் கணினி எனக்கு இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில், செத்துக் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன், விளக்கு இல்லை. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன். இருக்கிறேன் என்று பதில் வந்தது. இந்தத் தடவை பதிலை மட்டும் பார்க்கவில்லை, பதில் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் பார்த்தேன். பக்கத்து மேஜையிலிருந்து வரும் பதில் கண்ணிமைக்கும் முன்னே வந்துவிடும். இது இழுத்து இழுத்து, டெலிபோன் வழியாக வந்தது. லைனைத் துண்டித்துவிட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி லைன் போட்டேன். பதில் வந்தது.

பதில் சொன்னது சென்னை. ஒவ்வொரு கணினிக்கும் ஆபீசுக்குள் ஒரு கதவு எண் உண்டு. எங்கள் பெரிய கணினியின் எண் 192.168.1.10. அண்ணாச்சி விருப்பப்படி சென்னைப் பெரிய கணினிக்கும் அதே எண், அதே பெயர், அதே பாஸ்வேர்டு. தனித்தனித் தெருவில் ஒரே கதவு எண் இருந்தால் தொல்லையில்லை. நாங்கள்தான் சுரங்கம் வெட்டி இரண்டு தெருவையும் ஒன்றாக்கிவிட்டோமே. லைன் போட்டவுடன் டீச்சரின் கணினி பத்தாம் எண் வீட்டைத் தேடிச் சுரங்கத்துக்குள் இறங்கி, சென்னையின் 'முடிந்தவை' பெட்டியில் டீச்சர் திருத்தியதை வைத்துவிட்டு வந்திருக்கிறது. இங்கே இருந்த பெட்டியில் தப்பு தப்பாகவே கிடந்தது. பிரிண்டரும் அந்தப் பெரிய கணினியோடு இணைந்ததுதான், அப்படியென்றால் டீச்சர் கொடுத்த தாளும் சென்னையில்தான் வந்திருக்க வேண்டும்.

உடனே சென்னைக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தாள். பெரியவர்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். "உங்க பிரிண்டர் எங்க இருக்கும்மா?" என்றேன். மேலாளர் மேஜைக்குப் பக்கத்தில் என்றாள். நாங்கள் பேசுகிற போன் வேறு இணைப்பு, மோடத்தின் லைன் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, அதனால் பேசிக்கொண்டே பிரிண்ட் கொடுக்க முடிந்தது. திருநெல்வேலியிலிருந்து வணக்கம் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தேன். போய்ப் பார்க்கச் சொன்னேன்.

திரும்பி வந்தவள், "ஆமா மேடம், வந்திருக்கு. நீங்கதானா இது? போன வாரமெல்லாம் தினம் யாரோ அனுப்பினாங்க, கட்டுக் கட்டா வந்துச்சு. ஒரு பக்கம்தானே பிரிண்ட் இருக்கு, பின்னாடி நாங்க கணக்குப் போட, டீ ஆர்டர் எழுத யூஸ் பண்ணிக்கறோம்" என்றாள்.

டீச்சர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்த தாள்களில் அவர்கள் டீ ஆர்டர் எழுதியிருக்கிறார்கள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், அவளுக்கு என்ன தெரியும். மேல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்க்காத அந்த மேலாளர் மேல்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

அதோடு முடியவில்லை. லைன் வழியாகவே சென்னைப் பெட்டியைத் திறந்து டீச்சரின் ரிப்போர்ட்டுகளைத் தேடினேன். அதில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. அதன் பெயர், தமிழில் சொன்னால், குப்பை. அதற்குள் டீச்சர் திருத்திய எல்லாம் இருந்தன. சேமித்த தேதியோடு, நேரத்தோடு. இடது முழங்கால் ரிப்போர்ட்டும் இருந்தது. சென்னை சிஸ்டம்காரர், யாரோ கண்டதையும் தன் பெட்டியில் கொட்டுகிறார்கள் என்று தினமும் அவற்றை ஒதுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார். யார் கொட்டுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு பக்கம் டீச்சர் வேலையே செய்யவில்லை என்று புகார், இன்னொரு பக்கம் டீச்சர் செய்த வேலையைக் கூட்டித் தள்ளுவதற்கு ஆள். இரண்டும் ஒரே ஆபீசில், அடுத்தடுத்த மேஜையில்.

கீழே ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு விளங்கும்படி கடையை வைத்தே சொன்னேன். டவுன் கடையும் பாளையங்கோட்டைக் கடையும் ஒரே மாதிரி இருக்கலாம் அண்ணாச்சி, ஆனால் இரண்டு கடைக்கும் ஒரே விலாசம் இருந்தால் மூட்டை எங்கே போய் இறங்கும் என்றேன். எடை போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஒரே மாதிரி வைக்கச் சொன்னது நாந்தானே பிள்ள."

"நீங்க சொன்னா, செஞ்சவனுக்கு மூளை வேண்டாமா அண்ணாச்சி? சரின்னு சொன்ன மெட்ராஸ்காரங்களுக்கு வேண்டாமா?"

"அவங்களுக்கு இல்லாட்டிப் போகட்டும். டீச்சர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நேரே டீச்சர் வீட்டுக்கு நடந்தார். நானும் போனேன். அண்ணாச்சி டீச்சர் வீட்டு வாசலில் நின்றே, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, தப்பு எங்களுடையது, டீச்சர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னார். காது மந்தமானவர்கள் மெதுவாகப் பேச முடியாது. அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க வந்தது சந்தோசம் அண்ணாச்சி. ஆனா என்னைப் பொய்க்காரின்னு சொன்னது நீங்க இல்லையே. சொன்னவர் அதே ஸ்பீக்கர்ல சொல்லட்டும். நான் வாறேன்" என்றார்.

நியாயம்தானே. அவ்வளவுதானே கேட்டார். அண்ணாச்சி மேலாளருக்குப் போன் செய்து விவரம் சொன்னார். குப்பைப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். அவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மேலாளர் சொன்ன பதிலை இன்றுவரை நான் மறக்கவில்லை. "இது டெக்னிக்கல் இஷ்யூ சார். யார் மேலயும் தப்பு இல்ல. உங்க பக்கத்துல நம்பரை மாத்திடுங்க, சரியாயிடும். அந்த லேடியை வரச் சொல்லுங்க, நடந்ததை விடுங்க."

பழி சொல்லும்போது ஆள் உண்டு, பெயர் உண்டு, பொய் என்ற வார்த்தை உண்டு. பழி பொய் என்றானதும் அது டெக்னிக்கல் இஷ்யூ, அதற்கு ஆளே கிடையாது. அண்ணாச்சி, டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எவ்வளவோ கேட்டார். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார்கள். நம்பரை மாற்றுவதும் எங்கள் தலையில்தான். அவர்கள் பக்கம் ஒரு எண்ணைக்கூட அசைக்கமாட்டார்கள்.

மறுநாள் டீச்சர் வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. வழக்கமான கஞ்சி போட்ட சேலை, வழக்கமான பை. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், பள்ளிக்கூடம் மாதிரி. நான் எண்களை மாற்ற உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என் தோளில் கை வைத்தார்.

"மாத்திட்டியாம்மா?"

"இல்ல டீச்சர். இனிமேதான்."

"பைய மாத்து, அவசரமில்ல. லைனைப் போடு. மாத்திட்டா நான் பிரிண்ட் குடுக்கது இங்கனதானே வரும்?"

எனக்கு விளங்கியது. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மாடிப்படியில் நின்றபடி, "பேப்பர் அவுக பேப்பர், மை அவுக மை, நமக்கென்ன" என்றார்.

லைன் போட்டேன். டீச்சர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, சென்னையின் குப்பைப் பெட்டியைத் திறந்தார். இடது முழங்கால் ரிப்போர்ட்டை எடுத்தார். அதன் தலையில் 'சரிபார்த்தது' என்று அடித்து, தன் பெயரையும் போட்டு, பிரிண்ட் கொடுத்தார். பிறகு அடுத்தது. அதன் தலையிலும் அதே வார்த்தை, அதே பெயர். அதற்கடுத்தது. ஒன்றையும் விடவில்லை. அவர்கள் கூட்டித் தள்ளிய ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அவசரமே இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பிரிண்டர் மூலையில் சும்மா இருந்தது. பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு அவர் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி யாரையும் அதட்டவில்லை.

போன் அடித்தது. அண்ணாச்சி வந்து, ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினார்.

"என்ன சார் இது? நிக்காம வந்துக்கிட்டே இருக்கு. பேப்பர் தீந்துபோச்சு. தரையெல்லாம் கிடக்கு. யார் அனுப்பறது?"

அண்ணாச்சி டீச்சர் பக்கம் போனைத் தள்ளினார். டீச்சர் குனிந்தார். அவருடைய மெல்லிய குரலைக் கேட்க நாங்கள் இன்னும் நெருங்கி நின்றோம்.

"நாந்தான் சார். நான் திறந்தே பாக்கலன்னு சொன்னீங்களே, அதெல்லாம்தான். இந்தத் தடவையாவது உங்க கைக்கு வந்து சேந்துச்சா?"

டீச்சர் பொத்தானை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு வந்த முதல் பதிவைக் கேட்க ஆரம்பித்தார்.